ஆளைப் பார்த்தால் தெரியுமா? அரிசோனாவின் 1070 சட்டம் பற்றி

கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். ஒன்று: "அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர்களைப் பிடிக்க ஒரு மாநிலம் சட்டம் போட்டால் என்ன தப்பு? 2010-ல் அரிசோனா போட்ட 1070 என்ற சட்டத்துக்கு ஏன் அவ்வளவு எதிர்ப்பு?" இன்னொன்று: "அடுத்த மாதம் அப்பா, அம்மா ஃபீனிக்ஸ் வருகிறார்கள். வாக்கிங் போகும்போதுகூட பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டுமா?" இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன். முதல் கேள்வி எனக்குப் புரிந்ததே இரண்டாவது கேள்வி என் வீட்டில் எழுந்தபோதுதான்.

அந்தக் கோடையில் நாங்கள் ஃபீனிக்ஸ் பக்கத்தில் சாண்ட்லரில் குடியிருந்தோம். இன்டெல் ஆலை இருக்கும் ஊர், தமிழ்க் குடும்பங்கள் நிறைய. என் பெற்றோர் ஆறு மாத விசாவில் வந்திருந்தார்கள். வெயில் இறங்கியதும் அப்பா வேட்டியோடு தெருமுனைப் பூங்கா வரை நடந்துவிட்டு வருவார். சட்டம் ஜூலை 29-ல் அமலுக்கு வரும் என்று செய்தி வந்ததும், "பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வச்சுக்கோங்கப்பா" என்று சொன்னேன். அப்போதெல்லாம் ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) என்பது விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டுக்குள் ஸ்டேப்ளர் அடித்துத் தரும் வெள்ளை அட்டை. வியர்வையில் நனையாமல் இருக்க ஒரு ஜிப்லாக் பையில் போட்டுக் கொடுத்தேன். அப்பா அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னைப் பார்த்தா அவங்களுக்கு என்ன தோணும்?" என்று கேட்டார். அந்தச் சட்டத்தைப் பற்றி நடந்த மொத்த விவாதமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

முதலில் சட்டம் ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆதரித்தவர்கள் எல்லோரையும் இனவெறியர்கள் என்று ஒதுக்குவது தவறு. தொண்ணூறுகளில் மத்திய அரசு எல் பாசோ, சான் டியாகோ போன்ற நகரங்களில் மெக்சிகோ எல்லைக் காவலை இறுக்கியது. ஆட்கள் வருவது நிற்கவில்லை, பாதைதான் மாறியது. நகரங்களை விட்டுவிட்டு அரிசோனாவின் சொனோரா பாலைவனம் வழியாக வரத் தொடங்கினார்கள். 2000-ஆம் நிதியாண்டில் டூசான் எல்லைப் பிரிவில் மட்டும் 6,16,000-க்கு மேற்பட்ட கைதுகள். தாகத்திலும் வெயிலிலும் செத்தவர்களின் உடல்கள் டூசான் இருக்கும் பீமா மாவட்டப் பிணவறையில் நிரம்பின. பண்ணைக்காரர்களுக்கு வேலி அறுபட்டது, மாட்டுக்கு வைத்த தண்ணீர்க் குழாய் உடைந்தது. ஃபீனிக்ஸில் ஆள் கடத்துபவர்கள் வாடகை வீடுகளில் முப்பது நாற்பது பேரை அடைத்துவைத்து, ஊரிலிருக்கும் உறவினர்களிடம் பணம் கேட்டு மிரட்டினார்கள். 2010 மார்ச்சில் டக்ளஸ் ஊர்ப்பக்கம் ஒரு பண்ணைக்காரர் தன் நிலத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கால்தடம் எல்லைப் பக்கம் போனது என்றார்கள். கொன்றவர் பிடிபடவில்லை. வாஷிங்டன் எதுவும் செய்யவில்லை என்ற கோபம் அந்தச் சாவோடு பொங்கியது. கோபம் நியாயமானது என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

அந்தக் கோபத்தை அறுவடை செய்தவர் மேசா நகரத்து மாநில செனட்டர் ரஸல் பியர்ஸ். சட்டத்தின் வாசகத்தை எழுத உதவியவர் கிரிஸ் கோபாக் என்ற சட்டப் பேராசிரியர். 2010 ஏப்ரல் 23 அன்று ஆளுநர் ஜான் புரூவர் கையெழுத்திட்டார். (அமெரிக்க ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர், நம் ஊர் முதல்வர் இடத்தில் இருப்பவர்.) கையெழுத்துப் போட்ட அன்று நிருபர்கள் அவரிடம் கேட்டார்கள்: சட்டவிரோதக் குடியேறி எப்படி இருப்பார்? எனக்குத் தெரியாது என்றார் புரூவர். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அரிசோனாவில் இருக்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். ஆளுநருக்கே தெரியாததை, சாலையோரத்தில் நிற்கும் போலீஸ்காரர் சில நிமிடத்தில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொன்னதுதான் அந்தச் சட்டம்.

சட்டத்தில் சண்டைக்கு உள்ளான பிரிவுகள் நான்கு. மூன்றாம் பிரிவு, பதிவு ஆவணத்தைக் கையில் வைத்திருக்காத வெளிநாட்டவரை மாநிலக் குற்றவாளி ஆக்கியது. ஐந்தாம் பிரிவின் ஒரு உட்பிரிவு, அனுமதி இல்லாதவர் வேலை தேடுவதையே குற்றமாக்கி ஆறு மாதம் வரை சிறை என்றது. ஆறாம் பிரிவு, நாடுகடத்தத்தக்க குற்றம் செய்தவர் என்று போலீஸ் கருதினால் வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம் என்றது. நாலாவதுதான் "பேப்பரைக் காட்டு" என்று பெயரெடுத்த 2(பி). வேறு ஏதாவது காரணத்துக்கு ஒருவரை நிறுத்தும்போது, அவர் சட்டவிரோதமாக இருக்கிறார் என்ற "நியாயமான சந்தேகம்" எழுந்தால், போலீஸ் அவருடைய குடியேற்ற நிலையை விசாரித்தே தீர வேண்டும். விசாரிக்கலாம் என்பதல்ல, வேண்டும்.

சட்டத்தை முதலில் எழுதியிருந்த வடிவில், போலீஸுடன் எந்தச் சட்டப்படியான தொடர்பு ஏற்பட்டாலும் விசாரணை உண்டு. புகார் கொடுக்கப் போனவரும் சாட்சி சொல்லப் போனவரும்கூட மாட்டலாம். கூச்சல் எழுந்ததும் ஒரே வாரத்தில், ஏப்ரல் 30-ல், திருத்தம் கொண்டுவந்து நிறுத்தம், தடுப்பு, கைது என்று சுருக்கினார்கள். ஆனால் அதே திருத்தத்தில் நகராட்சி விதிகளையும் சேர்த்துவிட்டார்கள். முற்றத்தில் களை மண்டிக் கிடக்கிறது என்று வரும் நகராட்சி விவகாரம்கூடக் குடியேற்ற விசாரணைக்கு வாசலாகலாம் என்று ஆனது.

இன்னொரு பிரிவைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. எனக்கு அதுதான் மிகவும் விபரீதமாகப் பட்டது. ஒரு காவல்துறை குடியேற்றச் சட்டத்தைக் குறைவாக அமல்படுத்தும் கொள்கை வைத்திருக்கிறது என்று தோன்றினால், மாநிலத்தில் சட்டப்படி குடியிருக்கும் யார் வேண்டுமானாலும் அந்தத் துறைமேல் வழக்குப் போடலாம். அபராதம் நாளொன்றுக்கு 500 முதல் 5,000 டாலர். கடுமையாக நடந்தால் இனப் பாகுபாடு என்று ஒரு வழக்கு, நிதானமாக நடந்தால் மெத்தனம் என்று இன்னொரு வழக்கு. டூசான் காவல்துறைத் தலைவர் ரொபேர்ட்டோ வியசேன்யோர் எதிர்த்ததும், பீமா மாவட்ட ஷெரிஃப் (மாவட்டக் காவல் தலைவர்) கிளாரன்ஸ் டுப்னிக் வெளிப்படையாக இனவெறிச் சட்டம் என்று சொன்னதும் வெறும் அரசியல் இல்லை. டூசானில் ஒருவர், ஃபீனிக்ஸில் ஒருவர் என்று பணியிலிருந்த போலீஸ்காரர்களே வழக்குப் போட்டார்கள். மறுபக்கம் பினால் மாவட்ட ஷெரிஃப் பால் பபியூ, ஃபீனிக்ஸ் போலீஸ் சங்கம் ஆகியோர் சட்டத்தை ஆதரித்தார்கள். காக்கிச் சட்டைக்குள்ளேயே இரண்டு அணி. நாடு முழுக்க பியூ ஆய்வு நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 59 சதவீதம் பேர் ஆதரவு.

சாலையோரத்தில் என்ன நடக்கும் என்று பாருங்கள். பின்விளக்கு எரியாத ஒரு பழைய வேனை போலீஸ் நிறுத்துகிறார். லைசென்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ் கேட்கிறார். செல்லுபடியாகும் அரிசோனா லைசென்ஸ் இருந்தால் அவர் சட்டப்படி இருப்பவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இல்லை என்றால்? போலீஸ் தன் வண்டிக்குப் போய், நாட்டின் இன்னொரு கோடியில் வெர்மான்ட் மாநிலத்தின் வில்லிஸ்டன் ஊரிலிருக்கும் மத்தியக் குடியேற்றத் தகவல் மையத்தைத் தொடர்புகொள்கிறார். பதில் வரும்வரை வேனில் இருப்பவர்கள் நாற்பது டிகிரிக்கு மேல் கொதிக்கும் தார்ச்சாலை ஓரத்தில் காத்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை மேஜை டிராயரில் வைத்துவிட்டு வந்த அமெரிக்கக் குடிமகனின் நிலைதான் சிக்கல். அமெரிக்காவில் பிறந்தவரின் பெயர் குடியேற்றத் துறைக் கணினியில் பொதுவாக இருக்காது. தேடினால் எதுவும் கிடைக்காது. கிடைக்காததை என்னவென்று அர்த்தப்படுத்திக்கொள்வது?

அந்தச் சந்தேகம் எதை வைத்து வரும் என்று எல்லோரும் கேட்டார்கள். திருத்தத்துக்குப் பின் இனம், நிறம், பிறந்த நாடு ஆகியவற்றைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று சட்டத்தில் எழுதியிருந்தது (அரசமைப்பு அனுமதிக்கும் அளவைத் தவிர, என்ற ஒரு கதவோடு). சரி, வேறு எதை? ஜூலை தொடக்கத்தில் மாநிலக் காவலர் பயிற்சி வாரியம் ஒரு வீடியோ வெளியிட்டது. அதில் ஒரு பட்டியல்: ஆங்கிலம் சரியாகப் பேசவில்லை, பதற்றமாக இருக்கிறார், வண்டியில் அளவுக்கு மீறி ஆட்கள், வெயில் காலத்தில் சட்டை மேல் சட்டை போட்டிருக்கிறார், கூலி வேலைக்கு ஆள் நிற்கும் இடத்தில் நிற்கிறார். இனம் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள், மிச்சமிருந்ததெல்லாம் அந்த ஆளின் சாயல். 2010 கணக்கெடுப்பின்படி மாநில மக்களில் சுமார் 30 சதவீதம் ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள்). அதில் டூசான் பக்கத்துக் குடும்பங்கள் சில, 1854-ல் அந்த நிலத்தை மெக்சிகோவிடமிருந்து அமெரிக்கா வாங்குவதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பவை. "நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது" என்று அவர்கள் சொல்வது அதனால்தான்.

பயம் கற்பனையானது என்று சொன்னவர்களுக்கு என் ஊரே பதிலாக இருந்தது. 1997 ஜூலையில் சாண்ட்லர் போலீஸும் எல்லைக் காவல்படையும் சேர்ந்து ஐந்து நாள் வேட்டை நடத்தின. 432 பேர் பிடிபட்டார்கள். கடைக்குப் போனவர்கள், வேலை முடிந்து வந்தவர்கள், அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள் எனப் பழுப்புத் தோல்காரர்கள் பலரை நிறுத்திப் பேப்பர் கேட்டார்கள். மாநில அரசு வழக்கறிஞரே அறிக்கையில் அதைக் கண்டித்தார். நகராட்சி பின்னர் 4 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. நான் குடிவந்தபோது பத்துப் பன்னிரண்டு வருஷம் கடந்துவிட்டிருந்தது, ஆனால் எங்கள் அபார்ட்மென்ட் தோட்டக்காரர் அந்த ஐந்து நாளை நேற்று நடந்ததுபோலச் சொன்னார்.

இப்போது நீதிமன்றத்துக்கு வருகிறேன். பலர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இந்த இடத்தில்தான். அமெரிக்க அரசு 2010 ஜூலை 6-ல் வழக்குப் போட்டது. சட்டம் அமலாவதற்கு முந்தின நாள் நீதிபதி சூசன் போல்டன் முக்கியப் பிரிவுகளை நிறுத்திவைத்தார். 2012 ஜூன் 25-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. எலினா ககன் விலகியிருந்ததால் எட்டு நீதிபதிகள். மூன்று, ஐந்து, ஆறு ஆகியவற்றில் சண்டைக்குள்ளான பகுதிகள் விழுந்தன. 2(பி) பிழைத்தது. ஆனால் மற்ற மூன்றும் விழுந்தது இனப் பாகுபாட்டுக்காக அல்ல. வாய்வழி வாதத்தில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் தொடக்கத்திலேயே கேட்டார்: உங்கள் வாதத்தில் இனப் பாகுபாடு இல்லையே? இல்லை என்று மத்திய அரசின் வழக்கறிஞர் ஒப்புக்கொண்டார். தெருவில் இரண்டு வருஷம் மக்கள் எதைச் சொல்லிக் கத்தினார்களோ, அது நீதிமன்ற அறைக்குள் வரவே இல்லை.

அங்கே வந்த கேள்வி, வெளிநாட்டவர் விஷயம் யார் கையில் என்பது. யார் வரலாம், யார் இருக்கலாம், யாரை அனுப்பலாம் என்பது மத்திய அரசின் அதிகாரம். நம் அரசமைப்பிலும் அது மத்தியப் பட்டியலில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 1941-லேயே, பென்சில்வேனியா வெளிநாட்டவர்களுக்கு மாநில அடையாள அட்டை கட்டாயம் என்றபோது, நாடு முழுக்க ஒரே பதிவு முறைதான் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. காரணம் எளிது. ஒரு மெக்சிகோக்காரரையோ இந்தியரையோ ஒரு மாநிலம் எப்படி நடத்துகிறது என்பதற்கு அந்த நாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியது வாஷிங்டன்.

நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பில் ஒரு வரியை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். நாடுகடத்தத்தக்க ஒருவர் அமெரிக்காவில் தொடர்ந்து இருப்பது பொதுவாக ஒரு குற்றம் அல்ல என்றார். எல்லையைத் திருட்டுத்தனமாகத் தாண்டுவது குற்றம். விசா காலம் முடிந்தும் தங்குவது நாடுகடத்தலுக்குக் காரணமாகும் சிவில் மீறல். "சட்டவிரோதமாக இருப்பவர்கள் எல்லோரும் குற்றவாளிகள்" என்று நம் வாட்ஸப் குழுக்களில் எழுதுகிறவர்கள், வேலை போய், நாட்டில் தங்கத் தரும் அறுபது நாள் கெடுவை எண்ணிக்கொண்டிருக்கும் ஹெச்1பி வேலை விசா நண்பர் ஒருவரையாவது நினைத்துப் பார்த்தால் நல்லது. எதிர்த்து எழுதிய நீதிபதி ஸ்காலியாவின் வாதமும் லேசானதல்ல: தன் எல்லைக்குள் யார் இருக்கலாம் என்று முடிவெடுக்க முடியாத அரசு என்ன இறையாண்மையுள்ள மாநிலம் என்று கேட்டார். மத்திய அரசு தன் சட்டத்தைத் தானே அமல்படுத்தாதபோது இந்தக் கேள்விக்கு வலு இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து ஐம்பது மாநிலங்கள் ஐம்பது குடியேற்றத் துறை வைப்பது என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்படி வைத்தால் என்ன ஆகும் என்று அலபாமா காட்டியது. 2011-ல் அந்த மாநிலம் இன்னும் கடுமையான சட்டம் போட்டது. புதிதாகச் சேரும் பிள்ளைகளின் குடியேற்ற நிலையைப் பள்ளிகள் விசாரிக்க வேண்டும் என்றுகூட அதில் இருந்தது. செப்டம்பர் கடைசியில் நீதிமன்றம் அதன் பெரும்பகுதியை அனுமதித்தது. அடுத்த சில நாட்களில், ஒரே நாளில் மட்டும் 2,000-க்கு மேற்பட்ட ஹிஸ்பானிக் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. பறிக்க ஆளில்லாமல் தக்காளி கொடியிலேயே அழுகியது. நவம்பரில் டஸ்கலூசாவில் போலீஸ் ஒரு வாடகைக் காரை நிறுத்தி, கையில் ஜெர்மன் அடையாள அட்டை மட்டும் வைத்திருந்த ஒருவரைக் கைது செய்தது. அவர் மெர்சிடிஸ் நிறுவன அதிகாரி. ஊர்க்காரர்களுக்கு வேலை கொடுக்கும் கார் ஆலை விஷயமாக வந்தவர். நாடே அதைப் பேசியது. தக்காளித் தோட்டத்திலிருந்து இரவோடு இரவாகக் கிளம்பிப் போன குடும்பங்களைப் பற்றி அதில் பத்தில் ஒரு பங்குகூடப் பேசவில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அரிசோனாவில் மிச்சக் கதை வேகமாக முடிந்தது. மாநில செனட் தலைவராகியிருந்த பியர்ஸை 2011 நவம்பரில் அவருடைய தொகுதி மக்களே திரும்ப அழைப்புத் தேர்தலில் (பதவிக்காலத்தின் நடுவிலேயே நீக்கும் ஓட்டு) வீழ்த்தினார்கள். வென்றவரும் அதே குடியரசுக் கட்சிக்காரர்தான். பாலைவனத்தில் தலையில்லாத உடல்கள் கிடக்கின்றன என்று சொன்ன ஆளுநர் புரூவர், அது தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. 2016-ல் மாநிலம் குடிமை உரிமை அமைப்புகளுடன் சமரசத்துக்கு வந்தது. குடியேற்ற நிலையை விசாரிப்பதற்காக மட்டும் யாரையும் நிறுத்தவோ, நிறுத்தியவரைக் கூடுதல் நேரம் வைத்திருக்கவோ கூடாது என்று மாநில அரசு வழக்கறிஞர் வழிகாட்டுதல் வெளியிட்டார். 2(பி) ஏட்டில் இருக்கிறது, பல் பிடுங்கப்பட்டுவிட்டது.

ஃபீனிக்ஸ் இருக்கும் மாரிகோபா மாவட்டத்தின் அன்றைய ஷெரிஃப் ஜோ ஆர்பையோ கதை மட்டும் நீண்டது. 2007-ல் கேவ் கிரீக்கில் அவருடைய ஆட்கள், வேகமாகப் போனதாக ஒரு காரை நிறுத்தினார்கள். ஓட்டியவர் வெள்ளைக்காரர், அவரை விட்டுவிட்டார்கள். உள்ளே இருந்த மெக்சிகோக்காரரிடம் செல்லுபடியாகும் சுற்றுலா விசா இருந்தது, காட்டவும் செய்தார். ஆனாலும் பல மணி நேரம் அடைத்துவைத்தார்கள். அந்த வழக்கில்தான் 2013-ல் நீதிபதி மரே ஸ்னோ, ஷெரிஃப் அலுவலகம் திட்டமிட்டு இனம் பார்த்து நிறுத்தியது என்று தீர்ப்பளித்தார். ஆர்பையோ உத்தரவை மீறினார், 2017-ல் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளியானார், அதிபர் டிரம்ப் மன்னித்தார். மாவட்டத்துக்கு அந்த வழக்கில் கோடிக்கணக்கான டாலர் செலவானது. விசாவைக் காட்டினார், நம்பவில்லை. என் அப்பாவின் ஜிப்லாக் பையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மனிதர் நினைவுக்கு வருகிறார்.

இப்போது அலை திரும்பியிருக்கிறது. 2023 டிசம்பரில் டெக்சாஸ், எல்லை தாண்டுவதையே மாநிலக் குற்றமாக்கி, மாநில நீதிபதியே மெக்சிகோவுக்குத் திரும்பச் சொல்லி உத்தரவிடலாம் என்று சட்டம் போட்டது. 2012 தீர்ப்பை மறுபடி பரிசீலிக்க வைப்பதுதான் அதன் குறி. 2024 மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்த சில மணி நேரத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி நிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் அரிசோனா வாக்காளர்கள், எல்லை தாண்டுவதை மாநிலக் குற்றமாக்கும் பகுதி கொண்ட 314-ஆம் முன்மொழிவை அறுபது சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் போட்டு நிறைவேற்றினார்கள். டெக்சாஸ் சட்டமோ அதைப் போன்ற இன்னொன்றோ உயிர்பெற்றால்தான் அந்தப் பகுதியும் உயிர்பெறும் என்று எழுதியிருக்கிறது. 2025 செப்டம்பரில், லாஸ் ஏஞ்சல்ஸில் மத்திய அதிகாரிகள் ஆட்களை நிறுத்துவதற்குக் கீழ் நீதிமன்றம் போட்ட கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அந்தக் கட்டுப்பாடு, நான்கு அடையாளங்களை மட்டும் வைத்து ஆளை நிறுத்தாதே என்றது: தோற்றத்தில் தெரியும் இனம், ஸ்பானிஷ் அல்லது வேற்றுச் சாயல் ஆங்கிலம், நிற்கும் இடம், செய்யும் வேலை. பதினைந்து வருஷத்துக்கு முன் வந்த பயிற்சி வீடியோவின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அன்று எடுத்துவிட்டதாகச் சொன்ன இனம் இதில் முதலிடத்தில் இருக்கிறது.

உங்கள் அப்பா, அம்மா விஷயம். பதினெட்டு வயது நிரம்பிய வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது பழைய மத்திய சட்டம், அரிசோனா சட்டத்துக்குப் பல பத்தாண்டுகள் மூத்தது. யாரும் கண்டுகொள்ளாமல் இருந்தது. 2025 ஏப்ரல் முதல் மத்திய அரசு அதை அமல்படுத்துவதில் முனைப்பாக இருக்கிறது. உங்கள் பெற்றோர்போல விசாவில் வருபவர்களுக்கு அந்த ஆவணம் ஐ-94தான். அது இப்போது அட்டையாக வருவதில்லை, சுங்க எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் எடுக்க வேண்டும். வந்திறங்கிய அன்றே இருவருடையதையும் அச்செடுத்து, பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசாப் பக்கம் இரண்டின் நகலோடு ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள். ஊருக்கு வெளியே காரில் போனால், குறிப்பாக டூசானுக்குத் தெற்கே எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருக்கும் பாதையில், அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். உங்கள் போன் நம்பரையும் அந்தத் தாளிலேயே பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். யாராவது நிறுத்தினால் ஓட வேண்டாம், பதற வேண்டாம், தாளைக் காட்டிவிட்டு உங்களைக் கூப்பிடச் சொல்லலாம் என்று முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். எதற்கு என்று கேட்பார்கள். நான் அன்று பதில் சொல்லாமல் ஜிப்லாக் பையை மட்டும் கொடுத்தேன். அடுத்த மூன்று மாதமும் அப்பா பூங்கா வரை போகவில்லை, கார் நிறுத்துமிடத்தையே சுற்றிச் சுற்றி நடந்தார். நீங்கள் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.